பிறர் படமாக்கிய மெக்சிகோவும் மெக்சிகோவின் வெஸ்டர்னும்

1960 இல் வெளிவந்த 'தி மாக்னிஃபிசன்ட் செவன்' படத்தில் மெக்சிகோ உழவர்கள் மூவர் எல்லையோர ஊர் ஒன்றுக்கு வருகின்றனர். கால்வேரா என்னும் கொள்ளையனிடமிருந்து தம் ஊரைக் காக்கத் துப்பாக்கிகள் வாங்குவது அவர்கள் நோக்கம். துப்பாக்கியைவிட ஆள் மலிவு என்று அங்கே அறிந்து, அமெரிக்கத் துப்பாக்கி வீரர்களைக் கூலிக்கு அமர்த்துகின்றனர். அம்மூவருள் இலாரியோ என்பவராக நடித்தவர் ஹோர்ஹே மார்த்தினெஸ் தெ ஓயோஸ். ஆறாண்டு கழித்து, 1966 இல், அதே நடிகர் 'தியெம்போ தெ மோரிர்' (சாகும் காலம்) படத்தில் ஹுவான் சாயாகோவாகத் தோன்றினார். நேருக்கு நேர் நின்று ஒருவனைச் சுட்டுக் கொன்றதற்காகப் பதினெட்டு ஆண்டு சிறையிலிருந்துவிட்டு ஊர் திரும்பும் மனிதர் சாயாகோ. எஞ்சிய நாளை அமைதியாகக் கழிக்க விரும்புகிறார். இறந்தவனின் புதல்வர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் அமெரிக்கர் எவரும் இல்லை. கொன்றவர், பழிவாங்க வருவோர், வேடிக்கை பார்ப்போர் அனைவரும் மெக்சிகோ நாட்டவரே.

இவ்விரு படங்களுக்கும் நடுவில், 1964 இல், செர்ஜியோ லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' வந்தது. அதனால்தான் திரைப்பட வரலாற்று நூல்கள் பலவும் இக்கதையை எளிதாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. ஹாலிவுட் வெஸ்டர்னைப் படைத்தது, இத்தாலி அதைக் குரூரமாக்கியது, பிறகு மெக்சிகோ இத்தாலியைப் பார்த்து மலிவாக நகலெடுத்தது என்பது அவ்வரலாறு. மெக்சிகோவின் படங்களுக்குச் 'சில்லி வெஸ்டர்ன்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. இந்தப் பெயரிடலிலேயே ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. அமெரிக்கர் எடுத்தால் அது வெறும் வெஸ்டர்ன். பிறர் எடுத்தால் அவர்தம் அடுப்படியிலிருந்து ஓர் உணவின் பெயர் முன்னொட்டாக வந்து சேரும். இத்தாலிக்கு ஸ்பாகெட்டி, மெக்சிகோவுக்கு மிளகாய், 'ஷோலே' (1975) எடுத்த நமக்குக் கறி. கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா'வை (1972) எந்தத் தட்டில் வைப்பது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நகல் என்ற இந்த விளக்கம் காலவரிசையிலேயே இடறுகிறது. வெஸ்டர்ன் என்னும் வகைக்கு அடிப்படையான தொழிலும் ஆடையும் கருவிகளும் மெக்சிகோவிலிருந்து வடக்கே சென்றவை. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் பெரும் பண்ணைகளில் மாடு மேய்த்த குதிரை வீரர்கள் 'வாகெரோ' எனப்பட்டனர். அமெரிக்க ஆங்கிலத்தில் கௌபாயைக் குறிக்கும் 'பக்கரூ' என்ற சொல் இதன் திரிபே. லாசோ, லாரியட், ராஞ்ச், ரோடியோ, ஸ்டாம்பீட் ஆகிய சொற்கள் எல்லாம் ஸ்பானியத்திலிருந்து சென்றவை. டெக்சாஸ் முதல் கலிஃபோர்னியா வரை, கௌபாய் உலவிய நிலத்தின் பெரும்பகுதி 1848 வரையிலான காலத்தில் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து அமெரிக்கா வசமான நிலம். ஆயினும் தொடக்ககால அமெரிக்கப் படங்களில் மெக்சிகோ நாட்டவருக்குக் கிடைத்தது 'கிரீசர்' என்ற வசைச்சொல். கிரிஃபித் 1908 இலேயே அச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய படமொன்றை எடுத்தார். இந்த இழிவு பெருகிய நிலையில், 1922 இல் ஆல்வாரோ ஒப்ரெகோனின் அரசு, மெக்சிகோ மக்களை இழிவுபடுத்தும் படங்களை எடுக்கும் நிறுவனங்களின் எல்லாப் படங்களுக்கும் தடை விதித்தது. உள்நாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத ஹாலிவுட் ஓரளவு பணிந்தது. தன் உருவம் அயலார் கேமராவில் எப்படிப் பதிவாகிறது என்பதை மெக்சிகோ அரசு வெளியுறவுச் சிக்கலாகவே கருதியது. பின்னாளில் நடந்த பலவற்றுக்கும் விளக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது.

மெக்சிகோவின் சொந்தக் குதிரைப் படங்கள் இரு கிளைகளாக வளர்ந்தன. இரண்டையும் ஒரே ஆண்டில் தொட்டவர் ஃபெர்னாந்தோ தெ ஃபுவெந்தெஸ். 1936 இல் அவர் எடுத்த 'அய்யா என் எல் ராஞ்சோ கிராந்தெ' பாட்டும் காதலும் சேவற்சண்டையும் நிறைந்த பண்ணைக் கதை. அகன்ற விளிம்புத் தொப்பியும் வேலைப்பாடு மிக்க உடையும் அணிந்த 'ச்சாரோ' என்னும் குதிரை வீரன் அதன் நாயகன். ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகள் அனைத்திலும் அப்படம் ஓடியது. அதற்கு ஒளிப்பதிவு செய்த கப்ரியேல் ஃபிகெரோவாவுக்கு வெனிஸ் விழாவில் விருது கிடைத்தது. அதிபர் கார்தெனாஸ் பெரும் பண்ணைகளைப் பிரித்து உழவர்க்கு நிலம் வழங்கிக்கொண்டிருந்த அதே நாள்களில், நல்ல முதலாளியும் நன்றியுள்ள கூலியாட்களும் கூடிப் பாடும் பண்ணையை இப்படம் கொண்டாடியது என்பது கருதத்தக்கது. அவ்வாண்டே எடுக்கப்பட்ட மற்றொரு படம் 'வாமோனோஸ் கோன் பாஞ்சோ வில்லா'. புரட்சிப் படையில் சேரும் உழவர்கள் ஒவ்வொருவராய் வீணே மாளும் கதை அது. பாஞ்சோ வில்லாவை ஈவிரக்கமற்றவராகக் காட்டும் முடிவு ஒன்று படமாக்கப்பட்டும் அன்றைய திரையீட்டில் இடம்பெறவில்லை. பாடும் பண்ணை பணம் ஈட்டியது, கசக்கும் புரட்சி தோற்றது. அதன்பின் புரட்சியைப் படமாக்கியோர் பெரும்பாலும் எமிலியோ ஃபெர்னாந்தெஸின் வழியையே பின்பற்றினர். 'ஃப்ளோர் சில்வெஸ்த்ரே' (1943), 'எனமொராதா' (1946) போன்ற படங்களில் ஃபிகெரோவாவின் மேகங்களுக்கும் கற்றாழைகளுக்கும் நடுவே புரட்சி ஒரு தேசிய ஓவியமாக உறைந்தது.

இவற்றுக்குக் கீழே, விமர்சகர்கள் மதிக்காத மூன்றாம் கிளை ஒன்றும் ஓடியது. 1940 இல் ரவுல் தெ அந்தா தாமே நடித்துத் தயாரித்த 'எல் ச்சாரோ நெக்ரோ' (கருப்புச் ச்சாரோ) வெற்றி பெற்றுத் தொடர்படங்களை ஈன்றது. 1950களின் இறுதியில் எஸ்துதியோஸ் அமெரிக்கா என்னும் படப்பிடிப்பு நிலையம் தோன்றியது. திரைத்தொழிலாளர் சங்கங்கள் இரண்டாகப் பிளந்திருந்தமையால் அங்கே பணியாற்றிய சங்கத்துக்கு முழுநீளப் படம் எடுக்கும் உரிமை இல்லை, குறும்படங்களே எடுக்கலாம். அதற்கொரு வழி கண்டனர். அரைமணி நேர அத்தியாயங்களாகக் குதிரைச் சாகசங்களை எடுத்து, மூன்றை ஒட்ட வைத்து முழுப்படமாக வெளியிட்டனர். முகமூடி வீரர்களும் குதிரைத் துரத்தல்களும் நிரம்பிய இத்தொடர்களின் தரம் பெரிதாகப் பேசத்தக்கதன்று. ஆனால் இத்தாலியர் வெஸ்டர்ன் எடுக்கத் தொடங்கியபோது மெக்சிகோவில் துப்பாக்கிக் கதைக்குத் தேர்ந்த நடிகர்களும் குதிரைப் பயிற்சியாளரும் தொழில்நுட்பக் கலைஞரும் ஏற்கெனவே ஒரு தலைமுறையாக உருவாகியிருந்தனர்.

நகல் வாதத்தை முற்றிலும் மறுக்கும் படம் 1961 இல் வந்தது. இஸ்மாயேல் ரோத்ரிகெஸ் இயக்கிய 'லோஸ் எர்மானோஸ் தெல் இயெர்ரோ' (தெல் இயெர்ரோ சகோதரர்கள்). கதை எழுதியவர் ரிக்கார்தோ கரிபாய். இரு சிறுவர்களின் கண்ணெதிரே அவர்களுடைய தந்தை சுட்டுக் கொல்லப்படுகிறார். தாய் அழுது ஓய்வதில்லை. கொலைகாரனின் பெயரைப் பிள்ளைகள் மறவாதபடி ஓதி வளர்க்கிறாள். துப்பாக்கி வித்தை கற்றுத்தர ஓர் ஆளையும் அமர்த்துகிறாள். மூத்தவன் ரெய்நால்தோவுக்கு இதில் நாட்டமில்லை. இளையவன் மார்த்தின் நன்றாகவே கற்றுவிடுகிறான். பழி தீர்ந்த பிறகும் அவனால் நிறுத்த முடிவதில்லை. கொல்லுதல் அவனுக்கு ஒரே தொழிலாகிவிடுகிறது. தம்பியை விட்டுப் பிரியவும் முடியாமல் அவனோடு வாழவும் முடியாமல் அண்ணன் அழிகிறான். சிறுவயதில் கேட்ட பாட்டொன்று படம் முழுதும் நினைவைக் கிளறியபடி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தந்தையின் சாவு, அதனோடு பிணைந்த இசை, பல ஆண்டு கழித்து வரும் கணக்குத் தீர்ப்பு ஆகிய மூன்றும் 1968 இல் லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தில் ஆர்மோனிகாவோடு வந்தபோது உலகம் வியந்தது. லியோனே ரோத்ரிகெஸைப் பார்த்துச் செய்தார் என்று கூறச் சான்றில்லை. அப்படிக் கூறவும் தேவையில்லை. பழிவாங்கலை வெற்றியாக அன்றி நோயாகக் காட்டும் வெஸ்டர்ன், ஸ்பாகெட்டி அலைக்கு முன்னரே மெக்சிகோவில் முழுமை பெற்றிருந்தது என்பதே இங்கு வேண்டுவது. தந்தையைக் கொல்பவனாக நடித்தவர், தேசிய ஓவியங்களைத் தீட்டிய அதே எமிலியோ ஃபெர்னாந்தெஸ். அண்ணன் அந்தோனியோ ஆகிலார், தம்பி ஹூலியோ அலெமான். இவ்விரு நடிகர்களும் பின்னர் மீண்டும் வருவார்கள்.

'சாகும் காலம்' இந்த மரபின் அடுத்த கண்ணி. அப்போது மெக்சிகோ நகரில் வாழ்ந்த கப்ரியேல் கார்சியா மார்கேஸ் எழுதியது; உரையாடலில் கார்லோஸ் ஃபுவெந்தெஸ் கை கொடுத்தார். இயக்கிய ஆர்த்துரோ ரிப்ஸ்தெய்னுக்கு இதுவே முதல் படம். படப்பிடிப்பின்போது வயது இருபத்தொன்று. மார்கேஸ் இதற்கு முதலில் இட்ட தலைப்பு 'எல் ச்சாரோ'. பாடும் பண்ணையின் நாயகன் கிழவனாகிச் சிறையிலிருந்து வந்தால் என்ன நேரும் என்ற கேள்வி அத்தலைப்பிலேயே இருந்தது.

இவ்வளவு தேர்ச்சி இருந்தும், மெக்சிகோவின் வெஸ்டர்ன்கள் ஏன் எப்போதும் குடும்பத்துக்குள்ளேயே சுழன்றன? ஊர், நிலம், அதிகாரம், அரசு என்று ஏன் விரியவில்லை? விடை தணிக்கைத் துறையில் கிடைக்கிறது. திரைப்படத் தணிக்கை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. ஆளும் கட்சியோ தன்னைப் புரட்சியின் நேரடி வாரிசாக அறிவித்துக்கொண்ட கட்சி. எனவே புரட்சியை வேறு விதமாகச் சொல்வது அரசின் பிறப்புரிமையைக் கேள்வி கேட்பதாகும். ஹூலியோ ப்ராச்சோ 1960 இல் எடுத்த 'லா சோம்ப்ரா தெல் கவுதீயோ' புரட்சித் தளபதிகள் பதவிக்காக ஒருவரையொருவர் கொன்றதைச் சொன்னது. அது முப்பது ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. ரொபெர்த்தோ கவால்தோன் 1961 இல் எடுத்த 'ரோசா ப்ளாங்கா' எண்ணெய் நிறுவனத்தின் நில அபகரிப்பைப் பேசியது. 1972 வரை வெளிவரவில்லை. அயலாரும் தப்பவில்லை. ஆல்ட்ரிச்சின் 'வேரா குரூஸ்' (1954) மெக்சிகோ மக்களைக் காட்டிய விதத்தால் எழுந்த கசப்புக்குப் பின், 'மாக்னிஃபிசன்ட் செவன்' படப்பிடிப்பைத் தணிக்கையாளர் உடனிருந்து கண்காணித்தனர். அப்படத்து உழவர்கள் வயலில் உழைத்த பிறகும் அப்போதுதான் வெளுத்தது போன்ற வெள்ளாடையில் திகழ்வதற்கு இதுவே காரணம். ஆண்டும் இடமும் குறிக்காத ஒரு பாலைவனத்தில், இரு குடும்பங்களுக்கு நடுவே மூளும் பகையை எடுத்தால் மட்டும் எவரும் கேள்வி கேட்கவில்லை. வெஸ்டர்ன் மெக்சிகோ இயக்குநர்க்கு ஒரு புகலிடமாயிற்று.

இத்தாலியர்க்கு அத்தகைய தடை இல்லை. அவர்கள் மெக்சிகோவைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் பணம். ஸ்பெயினின் தென்கிழக்கில் உள்ள அல்மேரியாவில் வறண்ட மலைகளும் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகளும் இருந்தன, செலவு குறைவு. அவ்வீடுகள் டெக்சாஸைவிட மெக்சிகோவுக்கே பொருந்தின. ஆகவே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' கதை சான் மிகேல் என்னும் மெக்சிகோ எல்லை ஊரில் நடந்தது. அடிப்படைக் கதை குரோசாவாவின் 'யோஜிம்போ'வினுடையது என்பதும் அதற்காகத் தோஹோ நிறுவனம் வழக்காடி இழப்பீடு பெற்றதும் அறிந்த செய்தி. பிறகு, 1966 முதல், இடதுசாரி எழுத்தாளர்கள் நுழைந்தனர். 'அல்ஜியர்ஸ் போர்' படத்தின் திரைக்கதையாசிரியர் ஃபிராங்கோ சொலினாஸ் தாமியானோ தாமியானியின் 'கியென் சாபே?' (1966), சோல்லிமாவின் 'லா ரேசா தெய் கோந்தி' (1966), பெத்ரோனியின் 'தெபேபா' (1969) ஆகிய மூன்றிலும் பங்கேற்றார். வியட்நாமும் இலத்தீன் அமெரிக்காவில் அமெரிக்கத் தலையீடும் ஐரோப்பிய இளைஞரை உலுக்கிய காலம் அது. அந்நிகழ்காலத்தைப் பேச அவர்கள் 1910களின் மெக்சிகோவை மேடையாக்கினர். இவ்வகைக்குச் 'சபாத்தா வெஸ்டர்ன்' என்று பெயர். சபாத்தாவின் தென்பகுதியான மொரெலோஸ் இவற்றில் தலைகாட்டுவதே அரிது; எல்லாம் வடக்கின் புழுதியே. பெயரளவில் மட்டும் சபாத்தா.

இப்படங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. எழுத்தறிவற்ற மெக்சிகோ கொள்ளையன் ஒருவன். வெளிநாட்டு வல்லுநன் ஒருவன். 'கியென் சாபே?'யில் அமெரிக்கன், கோர்புச்சியின் 'இல் மெர்சநாரியோ'வில் (1968) போலந்துக்காரன், அவருடைய 'வாமோஸ் அ மதார், கொம்பஞ்யேரோஸ்' (1970) படத்தில் சுவீடன்காரன், லியோனேயின் 'ஜூ லா தெஸ்தா'வில் (1971) ஐரிஷ்காரன். இயந்திரத் துப்பாக்கியோ டைனமைட்டோ வெளிநாட்டானின் கையில் இருக்கும். கொள்ளையன் அவனோடு திரிந்து மெல்ல அரசியல் உணர்வு பெறுவான். இவற்றுள் மிகச் சிறந்தது 'கியென் சாபே?' என்பதில் ஐயமில்லை. காரணம் அது வாய்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அமெரிக்கன் கூலிக்கொலைஞன் என்பதை உணரும் எல் ச்சுஞ்சோ இறுதியில் அவனைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு, கையில் இருந்த பணத்தை ஏழை ஒருவனுக்கு எறிந்து, ரொட்டிக்குச் செலவிடாமல் வெடிமருந்துக்குச் செலவிடச் சொல்லி ஓடுகிறான்.

ஆனால் அந்த எல் ச்சுஞ்சோவாக நடித்தவர் மிலான் நகரில் பிறந்த ஜியான் மரியா வொலொந்தே. சோல்லிமாவின் குச்சீயோவும் பெத்ரோனியின் தெபேபாவும் கியூபாவில் பிறந்த தோமாஸ் மிலியன். 'இல் மெர்சநாரியோ'வின் பாக்கோ, அமெரிக்கர் டோனி முசாந்தே. லியோனேயின் ஹுவான் மிராந்தா, ராட் ஸ்டைகர். மெக்சிகோக் கொள்ளையனின் முகமாகவே உலகம் அறிந்த ஈலை வாலக், கால்வேராவும் அவரே தூக்கோவும் அவரே, புரூக்லினில் பிறந்தவர். ஊர்மக்களாக நின்றோர் அல்மேரியாவின் ஏழைகளும் ஸ்பெயின் ரோமா மக்களும். மெக்சிகோ புரட்சியைப் பற்றிய ஒரு முழுப்படவகையே மெக்சிகோ நாட்டவர் ஏறக்குறைய இன்றி உருவாயிற்று.

இதில் இன்னுமொரு முரண், சபாத்தா வெஸ்டர்ன் குறித்த உரையாடல்களில் தக்க அளவு பேசப்படாதது. இப்படங்கள் ஃபிராங்கோவின் ஸ்பெயினில் எடுக்கப்பட்டன. ஸ்பானியக் குடியரசை வீழ்த்திய அவ்வாட்சியை மெக்சிகோ இறுதிவரை ஏற்கவில்லை. குடியரசின் ஏதிலியரை வரவேற்று, 1977 வரை மட்ரிடோடு தூதரக உறவின்றியே இருந்தது. எனவே புரட்சியைப் போற்றும் இடதுசாரிப் படங்கள் ஒரு சர்வாதிகாரியின் நாட்டில், அவருடைய அரசின் அனுமதியோடு எடுக்கப்பட்டன. அவை எந்த நாட்டைப் பற்றியவையோ அந்த நாடு படப்பிடிப்பு நடந்த அரசை அங்கீகரிக்கவே மறுத்தது. ஃபிராங்கோ அரசுக்கு இதில் இடர்ப்பாடில்லை. புரட்சி வேறொரு நாட்டினது, வருமானம் தன்னுடையது. இத்தாலிய இயக்குநர்களின் நேர்மையை இதனால் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் அயலான் மண்ணை மேடையாக்கும் கலை எத்தனை வசதியானது என்பதை இது காட்டுகிறது. மெக்சிகோ அரசும் தன் பங்குக்கு 'ஜூ லா தெஸ்தா'வை மெக்சிகோ மக்களையும் புரட்சியையும் இழிவுபடுத்துவதாகக் கூறி 1979 வரை அனுமதிக்க மறுத்தது. லியோனேயின் படம் புரட்சியைக் கொண்டாடும் படமே அன்று. சிறைக்கதவு என்று தெரியாமல் திறந்து நாயகனாகிவிடும் திருடன், அந்தப் பட்டத்துக்கு விலையாகத் தன் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் கதை. புரட்சிக்குப் பெயரிட்டோர் யார், செத்தோர் யார் என்ற அதன் கேள்வி மெக்சிகோவின் ஆட்சியாளரை உறுத்தியிருக்க வேண்டும்.

அக்கேள்வி 1968 அக்டோபர் 2 ஆம் நாளுக்குப் பிறகு மேலும் கூர்மையடைந்தது. அன்று மெக்சிகோ நகரின் த்லதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களை இராணுவம் சுட்டது. உள்துறை அமைச்சராக இருந்தவர் லூயிஸ் எச்செவெர்ரியா. 1970 இல் அவரே அதிபரானார். திரைப்படத் தணிக்கையும் அந்த உள்துறையின் பொறுப்பே என்பதை மறக்கலாகாது. நிகழ்ந்ததைப் படத்தில் சொல்ல வழியில்லை. இந்த ஆண்டுகளில்தான் ஆல்பெர்த்தோ மரிஸ்கல் தம் வெஸ்டர்ன்களை அடுத்தடுத்து எடுத்தார்: 'தோதோ போர் நாதா' (1969), 'எல் துங்கோ மக்லோவியோ' (1970), 'லோஸ் மர்காதோஸ்' (1971).

இத்தாலியின் தடம் இவற்றில் வெளிப்படை. முகத்தை நெற்றியும் கண்ணுமாக வெட்டும் அண்மைக் காட்சிகள், திடீரெனப் பாயும் ஜூம், நீளும் மௌனம், எவர் பக்கமும் சாயாத குரூரம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பாடும் ச்சாரோவின் ஒளிரும் உடை போய், புழுதியேறிய கந்தல் வந்தது. ஆனால் மரிஸ்கல் எதை எடுத்தார் என்பதைவிட எதைத் தவிர்த்தார் என்பது முக்கியம். வெளிநாட்டு வல்லுநன் இல்லை. கற்பிப்போனும் கற்போனும் என்ற இணை இல்லை. புரட்சியே இல்லை. இத்தாலியர் மெக்சிகோவிடமிருந்து எடுத்துக்கொண்ட அனைத்தையும் அவர் விட்டுவிட்டு, அவர்கள் கண்டறிந்த பார்வை முறையை மட்டும் பெற்றுக்கொண்டார். அப்பார்வையைச் செலுத்தியதோ 'தெல் இயெர்ரோ சகோதரர்கள்' திறந்து வைத்த வீட்டுக்குள். இதற்குச் சான்று நடிகர் பட்டியலிலேயே உண்டு. 1961 இல் கொல்வதை நிறுத்த முடியாத தம்பியாக நடித்த ஹூலியோ அலெமான், 1970 இல் ஊனமுற்ற துப்பாக்கி வீரன் மக்லோவியோ. அண்ணனாக நடித்த அந்தோனியோ ஆகிலார், 1971 இல் மர்காதோ. ஒரு தசாப்தம் கழித்து அதே இரு சகோதரர்கள் தனித்தனியே திரும்பி வந்தது போன்றதொரு தோற்றம்.

'லோஸ் மர்காதோஸ்' இவ்வரிசையின் உச்சம். ஊரை நடுங்கச் செய்யும் எல் பார்தோவும் எல் நிஞ்யோவும் தந்தையும் மகனுமாவர். அவர்களிடையே நிலவும் உறவு தந்தை மகன் உறவின் எல்லையை மீறியது. தொப்பியும் மீசையும் பிள்ளைப் பேறும் ஆண்மையின் அடையாளமென்று முப்பதாண்டு பாடிய திரையுலகில் இப்படியொரு தந்தையைப் படைப்பது எளிய துணிவன்று. ஆகிலார் இதற்கு ஓராண்டு முன்னரே கஸால்ஸ் இயக்கிய 'எமிலியானோ சபாத்தா'வில் (1970) தாமே தயாரித்து நாயகனாகவும் நடித்தவர்; நாட்டுப்புறப் பாடகராக, குதிரை வீரராக மக்கள் போற்றிய ச்சாரோ. அரசு ஏற்கும் வீரனின் முகமும், பேய்த்தந்தை ஆளும் ஊருக்குள் நுழையும் வடுவேறிய முகமும் ஒரே மனிதரிடம் அடுத்தடுத்த ஆண்டுகளில் இருந்தன. பிள்ளைகளை விழுங்கும் தந்தை என்ற உருவகத்தை 1971 இன் மெக்சிகோ பார்வையாளர் எப்படி வாசித்திருப்பார் என்பதைப் பற்றித் திட்டவட்டமாகச் சொல்வது மிகை. மரிஸ்கல் அரசியல் உவமை எழுதினார் என்று நிறுவுவதும் கடினம். ஆனால் மாணவர்களைச் சுட்ட அரசு தன்னைத் தேசக் குடும்பத்தின் தலைவனாக முன்னிறுத்திக்கொண்டிருந்த நாட்டில், இந்தத் தந்தையை வெறும் வணிகக் குரூரம் என்று ஒதுக்குவது அதைவிடக் கடினம்.

இதே ஆண்டுகளில் அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கி மெக்சிகோவில் எடுத்த 'எல் தோப்போ' (1970) நியூயார்க்கின் நள்ளிரவுக் காட்சிகளில் புகழ்பெற்றது. மேலைநாட்டு விமர்சகர்கள் மெக்சிகோ வெஸ்டர்ன் என்றால் அதனோடு நிறுத்திக்கொள்கின்றனர். தனியொரு கிறுக்கு மேதையின் கனவாக அதைக் காண்பது அவர்களுக்கு எளிது. மரிஸ்கலையும் அல்மாதா சகோதரர்களையும் அறிந்திருந்தால் அதன் குழந்தைகளும் தந்தைகளும் அத்துணை விசித்திரமாகத் தோன்றியிரா. புரட்சியைத் திரும்பப் பெற முயன்ற படமும் ஒன்று வந்தது. பால் லெதுக் 16 மி.மீ. பழுப்பு வண்ணத்தில் எடுத்த 'ரீட்: மெஹிகோ இன்சுர்ஹென்தே' (1973). இதிலும் வெளிநாட்டான் உண்டு; அமெரிக்க நிருபர் ஜான் ரீட். ஆனால் அவர் எதையும் கற்பிக்க வரவில்லை. தயங்கியும் அஞ்சியும் பார்த்துக்கொண்டிருப்பவர், இறுதியில் கடைக் கண்ணாடியை உடைத்துக் கேமரா ஒன்றை எடுக்கும் அளவுக்கு மட்டும் மாறுகிறார். சபாத்தா வெஸ்டர்னுக்கு மெக்சிகோ அளித்த அமைதியான மறுமொழி அது.

இந்தப் போக்குவரத்து முழுவதையும் ஒரே மனிதரின் பணிவாழ்வில் காண வேண்டுமெனில் ஃபிகெரோவாவைப் பார்க்கலாம். 1936 இல் பாடும் பண்ணையை ஒளிப்பதிவு செய்தவர். 1940களின் இறுதியில் எலியா கசானும் ஸ்டைன்பெக்கும் சபாத்தா பற்றிய திரைக்கதையோடு மெக்சிகோ வந்தபோது, தொழிற்சங்கத் தலைவர் என்ற முறையில் அதை மறுத்துப் பேசியவர்களுள் முதன்மையானவர். கசான் 'விவா சபாத்தா!'வை (1952) டெக்சாஸ் பக்கத்திலேயே எடுக்க நேர்ந்தது. அதே ஃபிகெரோவா, 1970 இல் வெளிவந்த 'டூ மியூல்ஸ் ஃபார் சிஸ்டர் சாரா'வுக்கு ஒளிப்பதிவாளர். இயக்கம் டான் சீகல், நாயகன் லியோனே வார்த்த கிளின்ட் ஈஸ்ட்வுட், இசை மொரிக்கோனே. கதையில் அமெரிக்கக் கூலி வீரன் ஒருவன் பிரெஞ்சுப் படைக்கெதிராக மெக்சிகோப் போராளிகளுக்கு டைனமைட் வித்தை காட்டுகிறான். இத்தாலிய வாய்பாடு அப்படியே ஹாலிவுட்டுக்குச் சென்று, மெக்சிகோவுக்கே திரும்பி வந்துவிட்டது. படப்பிடிப்பு நடந்த இடம் மொரெலோஸ், சபாத்தாவின் மாநிலம். சபாத்தாவைப் பிறர் கையில் தர மறுத்தவரின் கேமராவில்தான் அது பதிவாயிற்று.

எமிலியோ ஃபெர்னாந்தெஸுக்கும் ஏறத்தாழ இதே கதி. 'மாக்னிஃபிசன்ட் செவன்' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்தவர், பெக்கின்பாவின் 'த வைல்ட் பன்ச்' (1969) படத்தில் குடிகாரத் தளபதி மாப்பாச்சேவாக நடித்தார். தாம் முன்பு ஓவியமாக்கிய புரட்சியின் கோர முகத்தை அவரே அணிந்துகொண்டார்.

மரிஸ்கலின் 'தோதோ போர் நாதா'வில் நாயகராக வந்தபோது, 1922 இல் சொனோராவில் பிறந்த மாரியோ அல்மாதா நாற்பதைக் கடந்திருந்தார். தம்பி ஃபெர்னாந்தோவோடு அவர் தொடர்ந்து நடித்தார். 1970களின் நடுவில் குதிரைப் படங்களுக்கு வரவேற்பு குறைந்தது. அண்டை நாட்டில் குடியேறிய தொழிலாளர்களோ மெக்சிகோவிலிருந்து வேறு கதைகளைக் கேட்டனர். எல்லையும் கடத்தலும் பற்றிய 'கொரிதோ' கதைப்பாடல்கள் வானொலியில் நிரம்பியிருந்தன. அப்பாடல்களுள் ஒன்றிலிருந்து 1978 இல் 'லா பந்தா தெல் கார்ரோ ரோஹோ' (சிவப்புக் கார் கும்பல்) எடுக்கப்பட்டது. நாயகர்கள் அல்மாதா சகோதரர்கள். அதே தொப்பி, அதே பாலைவனம், அதே எல்லை ஊர். குதிரை இருந்த இடத்தில் மட்டும் போதைப்பொருள் ஏற்றிய சிவப்புக் கார். இம்முறை வடக்கே போகிறவர்கள் துப்பாக்கி வாங்கப் போகவில்லை. விற்க ஒரு சரக்கோடு போனார்கள்.